மலருக்கு: அந்தப் பால்கனி அறை வேண்டாம்

குவாதலஹாரா, மெக்சிகோ
ஆகஸ்ட் 20

அன்புள்ள மலர்,

உன் செய்தி நேற்று ராத்திரி கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். இவருக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. பெரியவன் வேலை மாறிவிட்டான். சின்னவள் பிடிவாதம் அப்படியேதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன். குவானஹுவாத்தோவில் பால்கனி வைத்த அறை, படத்தைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது, இந்த வாரமே பணம் கட்டப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, கட்டாதே. முதலில் இதைப் படி.

அந்தப் படத்தில் தெரிகிற சந்து எனக்குப் பழக்கம். அங்கே வார இறுதி இரவுகளில் பழங்காலத்துக் கறுப்பு உடுப்பு போட்ட மாணவர் இசைக்குழு சான் தியேகோ கோயில் படிகளில் பாட ஆரம்பிக்கும். அப்புறம் பின்னால் ஒரு கூட்டத்தையே இழுத்துக்கொண்டு சந்து சந்தாகப் போகும். கித்தார், மாண்டலின், நடுநடுவே கதை, கதைக்குக் கூட்டத்தின் சிரிப்பு. இரண்டு பக்கமும் கல் சுவர் என்பதால் சத்தம் மேலேதான் போக வேண்டும். மேலே இருப்பது உன் பால்கனி. பழைய மரக்கதவு, சாத்தினாலும் விரல் நுழைகிற இடைவெளி இருக்கும். ஒரு குழு போனால் அடுத்தது வரும். அவர்களோடு நடப்பது அவ்வளவு சந்தோஷம், நீயும் ஒருநாள் நட. ஆனால் அதற்கு மேலே படுத்துத் தூங்க முடியாது. ராஜி புரண்டு படுத்தாலே எழுந்து விளக்கைப் போட்ட ஆள் நீ! அக்டோபரில் செர்வாந்தினோ கலை விழா வேறு. அப்போது வாடகையும் எகிறிவிடும்.

இந்த ஊர்களில் அமைதியைத் தருவது விடுதியின் நட்சத்திரமும் இல்லை, வாடகையும் இல்லை. அறை எந்தப் பக்கம் பார்க்கிறது, அதன் கீழே என்ன இருக்கிறது, இவ்வளவுதான். ஸ்பானியர்கள் தங்கள் நாட்டின் தெற்கே அந்தலூசியாவில் கட்டிப் பழகிய மாதிரியே இங்கேயும் வீடு கட்டினார்கள். தெருப் பக்கம் கனமான சுவர், பெரிய வாசற்கதவு, உள்ளே முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம். பெரிய வீடுகளில் அதற்குப் பின்னால் இரண்டாவது முற்றமும் உண்டு. சமையல், வேலையாட்கள், குதிரை எல்லாம் அங்கே. அப்புறம் அந்த வீடுகள் விடுதியானபோது தெருப் பார்த்த பால்கனி அறைக்குத்தான் அதிக வாடகை வைத்தார்கள். பின்கட்டு அறைகள் சின்னது, காட்சி கிடையாது, அதனால் மலிவு. உனக்கு வேண்டியது அந்த மலிவான அறைதான். தெருவுக்கும் உன் தலையணைக்கும் நடுவில் முழு வீடே நிற்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இரு. முன்முற்றத்தில் சாப்பாட்டுக்கடை நடத்தினால் உள்ளறையும் பயன்படாது. நான்கு சுவருக்குள் தட்டு, கரண்டிச் சத்தம் சுற்றிச் சுற்றி வரும். மொட்டை மாடியில் மதுக்கடை இருக்கிறதா, பக்கத்து மாடியில் இருக்கிறதா என்று கேள். கோயில் மணிக்கூண்டு எவ்வளவு தூரம் என்று கேள். அந்தத் தெருக் கோயிலின் புனிதர் திருநாள் எப்போது என்றும் கேள், ஏனென்றால் அன்றைக்கு விடியும் முன்பே வாணவெடி போடுவார்கள். "இன்தெரியோர்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உள்பக்க அறை என்று புரிந்துகொள்வார்கள். வரி சேர்த்துத்தான் வாடகை சொல்கிறார்களா என்பதையும் விடாதே. 16 சதவீத வரி, அதற்கு மேல் மாநிலத்தின் தங்கும் வரி. வெந்நீர் எத்தனை மணிக்கு?

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது மலர். அம்மா போனதிலிருந்து நீ சரியாகத் தூங்கவே இல்லை என்று ராஜி சொன்னாள். நீ என்னிடம் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். ஆனால் இத்தனை தூரம் வருகிறவள் நன்றாகத் தூங்கி எழ வேண்டும் என்று எனக்கு ஆசை.

அதனால்தான் உன்னை வஹாகாவுக்குக் கூப்பிடுகிறேன். பழைய நீர்ப்பாலத்தை ஒட்டிய சொச்சிமில்கோ பகுதியில் நான் தங்குகிற பொசாதா, அதாவது சின்ன விடுதி, ஒரு குடும்பம் தானும் அங்கேயே குடியிருந்து நடத்துவது. அறைக்கதவு இரட்டைக்கதவு. அதில் உள்ளங்கை அகலத்துக்குச் சின்னதாக இன்னொரு கதவு, காற்றுக்கு அதை மட்டும் திறந்துகொள்ளலாம். தரையில் செம்மண் ஓடு, உத்தரம் வைத்த செங்கல் கூரை, தள்ளினால் கிறீச்சிடும் இரும்புத் தாழ்ப்பாள். காலையில் வீட்டுக்காரம்மா வாளியில் தண்ணீர் எடுத்து ஜெரேனியம் தொட்டிகளுக்கு ஒவ்வொன்றாக ஊற்றுவார். மெத்தை கொஞ்சம் கெட்டி, பல்ப் மங்கல், பணம் ரொக்கமாகத்தான். போன முறை 800 பெசோ கொடுத்தேன்.

சாந்தோ தொமிங்கோ கோயில் பக்கம் மட்டும் அறை எடுக்காதே. சனிக்கிழமை கல்யாண ஊர்வலங்கள் அங்கிருந்துதான் பித்தளை வாத்தியங்களோடு, ராட்சதப் பொம்மைகளோடு கிளம்பும். 1576-இல் கன்னியர் மடமாகத் தொடங்கிய ஒரு கட்டடம் அங்கே இப்போது ஹோட்டல், வாடகை நமக்குக் கட்டுப்படியாகாது. உள்ளே போய் அந்தக் கன்னியர் துணி துவைத்த கல் தொட்டிகளை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

குடும்ப விடுதி என்று நான் அழுத்திச் சொல்வதற்கு மனசில் இருக்கும் இன்னொரு வருத்தமும் காரணம். வஹாகாவின் ஹலாத்லாக்கோ பகுதித் தெருக்களில் இப்போது வீட்டுக்கு வீடு ஜன்னல் கம்பியில் எண் பூட்டுப் பெட்டி தொங்குகிறது. சாவி அதற்குள், வீட்டுக்காரர் யாரும் இல்லை. குடியிருந்தவர்கள் வாடகை கொடுக்க முடியாமல் ஊருக்கு வெளியே போய்விட்டார்கள். 2024 ஜனவரியில் வஹாகாக்காரர்கள் இதை எதிர்த்து ஊர்வலமே போனார்கள். நாமும் வெளியிலிருந்து வந்து தங்குகிறவர்கள்தான். தங்கத்தான் போகிறோம் என்றால், அந்தக் காசு அங்கேயே குடியிருக்கிறவர் கையில் போகட்டும். ராத்திரி பக்கத்து அறையில் யாராவது கூத்தடித்தால் எழுந்து வந்து கேட்க ஓர் ஆளும் இருக்கும். பூட்டுப் பெட்டி கேட்குமா?

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புவேப்லாவுக்குத் தலைநகரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான், பலரும் பகலில் வந்து சாயங்காலம் திரும்பிவிடுவார்கள். வார நாள் இரவில் அங்கே தங்கு, தலவேரா என்கிற வண்ணப் பீங்கான் ஓடு பதித்த சுவர்களை ஆற அமரப் பார்க்கலாம். மொரேலியா முழுக்க இளஞ்சிவப்புக் கல், மதேரோ சாலையை விட்டு இரண்டு தெரு உள்ளே போய்விடு. சான் கிறிஸ்தோபல் 2,100 மீட்டருக்கு மேலே, இரவில் நடுங்கும், கணப்பு வைத்த அறையாகக் கேள். மெரிதாவில் வெயில், சுவரில் ஊஞ்சல்வலை மாட்டக் கொக்கி இருக்கும், மதியம் அதில் படுத்துக்கொள்ளலாம். குவானஹுவாத்தோவை விட வேண்டாம், இங்கிருந்து பஸ்ஸில் போய் வருவோம். ஆனால் வார நாளில். அங்கே பல விடுதிகளுக்குக் கார் போகாது, எல்லாம் படிக்கட்டு. உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது.

முதலில் தேதியைச் சொல். நவம்பர் 1, 2 கல்லறைத் திருநாள். அந்தச் சமயம் வஹாகாவில் அறைகள் பல மாதம் முன்னாடியே போய்விடும், வேண்டுமென்றால் நாளைக்கே வீட்டுக்காரம்மாவிடம் பேசுகிறேன். நெரிசல் வேண்டாம் என்றால் நவம்பர் கடைசியில் வா. ராஜியும் வருகிறாளா என்று கேட்டு எழுது, மூன்று கட்டில் போட்ட அறை ஒன்று பின்கட்டில் இருக்கிறது.

அன்புடன்,
கோமதி