பயத்தைப் படம் பிடிப்பவர்கள்

திருநெல்வேலி

அன்புள்ள ராஜி,

இங்கே எல்லோரும் நலம். இவருடைய சர்க்கரை அளவு மட்டும், அவர் வாயால் சொல்வது ஒன்றாகவும் சோதனைச் சீட்டில் வருவது வேறொன்றாகவும் இருக்கிறது. உன் முழங்கால் எப்படி? தைலத்தையே நம்பிக்கொண்டிராமல் மருத்துவரிடம் போ. நான் கல்யாணத்துக்கு வரவில்லை என்று சரோஜா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது என் காதுக்கும் எட்டிவிட்டது. அவளுக்குத் தனியாக எழுதிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதம் ஒரு படத்தைப் பற்றியது. சிரிக்காதே. இந்த வயதில் நான் ஒரு கொலைகாரன் படம் பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறேன் என்றால் நீ அறை அறையாகப் போய்ச் சொல்லிச் சிரித்திருப்பாய். நல்லவேளை, இப்போது விடுதி இல்லை.

படத்தின் பெயர் ‘பீப்பிங் டாம்’. 1960-இல் வந்த ஆங்கிலப் படம், மைக்கேல் பவல் இயக்கியது. கதை நடப்பது லண்டனில். மார்க் என்ற இளைஞன் ஸ்டுடியோ ஒன்றில் கேமராவின் ஃபோகஸைச் சரிபார்க்கும் உதவியாளன். மெல்லப் பேசுவான், யாரையும் நேராகப் பார்க்க மாட்டான். கையை விட்டுக் கேமரா இறங்காது. பெண்களைக் கொல்கிறான். அவர்கள் சாகும்போது முகத்தில் வரும் பயத்தைப் படம் பிடித்து, வீட்டு மாடியில் இருட்டறையில் போட்டுப் பார்க்கிறான். எதையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறவள் நீ என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: கேமராவைத் தாங்கும் முக்காலியின் ஒரு காலில் கத்தி இருக்கிறது. கேமராவோடு ஒரு கண்ணாடியையும் பொருத்தியிருக்கிறான். சாகிறவள் தன் பயத்தைத் தானே பார்த்துக்கொண்டு சாக வேண்டும். ரத்தத்தைக் காட்டவே இல்லை என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கண்ணாடியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

முதல் கொலையை அவன் கேமராவின் கண்வழியாகவே நமக்குக் காட்டுகிறார் பவல். அவள் பின்னால் தெருவில் நடந்து, படியேறி, அறைக்குள் போவது அவன் மட்டுமல்ல, நாமும்தான். உடனே அதே காட்சி அவன் அறைத் திரையில் மறுபடி ஓடுகிறது. இரண்டாவது முறையும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இன்னொரு காட்சி உனக்குப் பிடிக்கும். ஒரு பத்திரிகைக் கடையில் மரியாதைப்பட்ட கிழவர் ஒருவர் ரகசியமாக ஆபாசப் படங்கள் வாங்குகிறார். அதே நேரம் சாக்லேட் வாங்க ஒரு சிறுமி வந்து நிற்கிறாள். அவர் விழிக்கிற விழி! எனக்கு நம் கணக்கு வாத்தியார் ஞாபகம் வந்துவிட்டது. வேறெதுவும் சொல்ல மாட்டேன்.

அன்றைய லண்டன் விமர்சகர்கள் இந்தப் படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். அள்ளிப்போய்ச் சாக்கடையில் தள்ள வேண்டும் என்றே ஒருவர் எழுதினார். ‘தி ரெட் ஷூஸ்’ என்ற புகழ்பெற்ற படத்தை எடுத்த மனிதர் பவல்! அதன் பிறகு இங்கிலாந்தில் அவருக்குப் பழைய இடம் கிடைக்கவே இல்லை. அதே 1960-இல் ‘சைக்கோ’ என்ற கொலைகாரன் படத்தை எடுத்த ஹிட்ச்காக் மட்டும் கொண்டாடப்பட்டார். எழுபதுகளின் முடிவில் அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி முன்நின்று அமெரிக்காவில் மறுபடி திரையிட வைத்த பிறகுதான் ‘பீப்பிங் டாம்’ மதிப்புப் பெற்றது. கோபத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. விமர்சகரும் இருட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்தானே? கண்ணாடி அவர் பக்கமும் திரும்பியிருக்கிறது.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது கொலை அல்ல, ராஜி. மார்க்கின் அப்பா.

அவர் மனித பயத்தை ஆராய்ந்த பெரிய விஞ்ஞானி. ஆராய்ச்சிக்குக் கிடைத்த குழந்தை சொந்த மகன். தூங்குகிற பையனை விளக்கடித்து எழுப்புகிறார், படம் பிடிக்கிறார். கட்டிலில் ஒரு பல்லியைப் போடுகிறார், அலறலைப் படம் பிடிக்கிறார். (பல்லிக்குப் போய்ப் பயமா என்று நீ கேட்பாய். உன் தலையில் விழுந்தபோது விடுதியே விழித்துக்கொண்டதை மறந்துவிட்டாயா? அது நம் ஊர்ப் பல்லி. இது பெரியது.) அம்மாவின் மரணப் படுக்கை அருகிலும் பையனைப் படம் பிடிக்கிறார். கடைசியில் அவனுக்குப் பரிசாக ஒரு கேமராவையே கொடுத்துவிட்டுப் போகிறார். கீழ்வீட்டுப் பெண் ஹெலன் தன் பிறந்தநாளன்று இந்தப் படச்சுருள்களைப் பார்க்கிறாள். பார்க்க முடியாமல், நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறாள். நானும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அந்த அப்பாவாக நடித்தவர் மைக்கேல் பவல்தான். பையனாக நடித்தது அவருடைய சொந்த மகன். அந்தக் குழந்தையிடம் என்ன சொல்லிப் பயப்பட வைத்தாரோ! இதைக் கலைத் துணிச்சல் என்று பாராட்டுகிறவர்கள் பாராட்டட்டும். எனக்கு மனசு ஒப்பவில்லை.

நாம் பார்த்த ‘சிகப்பு ரோஜாக்க’ளிலும், வளர்ப்பு மகன் செய்யும் கொலைகளைப் படமாகப் போட்டுப் பார்க்கும் கிழவர் ஒருவர் உண்டு, ஞாபகம் இருக்கிறதா? அன்று கறுப்புப் பூனைக்குப் பயந்தோம். இப்போது நினைத்தால் அந்த நாற்காலிக் கிழவரிடம்தான் பயப்பட்டிருக்க வேண்டும்.

பெங்களூரில் என் பேரன் தூங்கும் அறையிலும் ஒரு கேமரா இருக்கிறது. அவன் அப்பா செந்தில் அலுவலகத்தில் உட்கார்ந்து கைபேசியில் பார்க்கிறான். பாதுகாப்புக்கு என்கிறான், சரி. ஆனால் குக்கர் விசிலுக்குக் குழந்தை பயந்து அழுதால், ஒருவர் தூக்கிச் சமாதானம் செய்வதற்குள் இன்னொருவர் படம் எடுத்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்பியாகிவிடுகிறது. சித்தப்பா, அத்தை, மைத்துனர் எல்லோரும் சிரிக்கும் பொம்மைகளைப் போடுகிறார்கள். போன மாதம் பலூனை வேண்டுமென்றே காதருகில் உடைத்து, அவன் முகம் கோணுவதை எடுத்து அனுப்பினார்கள். நான் போயிருந்தபோது ஒரு நாள் வாசற்படியில் இடறி விழுந்தான். விழுந்தவன் உடனே அழவில்லை. தலையைத் தூக்கி, யார் கையில் கைபேசி இருக்கிறது என்று சுற்றிலும் பார்த்தான். அதற்குப் பிறகுதான் அழுதான்.

செந்திலிடம் சொன்னேன். “அம்மா, நீ எதையாவது பார்த்துவிட்டு வந்து எதையாவது சொல்கிறாய்” என்று சிரித்தான். அவன் கொடூரன் இல்லை, எனக்குத் தெரியாதா? பிள்ளை மேல் உயிரையே வைத்திருக்கிறான். அவனை அந்த விஞ்ஞானியோடு சேர்த்துப் பேசுவது அநியாயம் என்று இவரும் என்னைக் கடிந்துகொண்டார். அநியாயமாகவே இருக்கட்டும். என்றாலும் அந்தப் பிள்ளை சுற்றிலும் பார்த்த பார்வையை நான் கண்ணால் கண்டேன்.

படத்தில் மார்க்கை அடையாளம் கண்டுகொள்வது போலீஸ் அல்ல. ஹெலனின் அம்மா, கண் தெரியாதவள். இரவிரவாகத் தலைக்கு மேலே அவன் நடக்கும் சத்தத்தைக் கேட்டே, இவனிடம் ஏதோ கோளாறு இருக்கிறது என்று தெரிந்துகொண்டுவிடுகிறாள். ஒருநாள் கைத்தடியோடு அவன் அறைக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அவளைப் பார்த்துத்தான் அவன் நடுங்குகிறான். அவளிடம் அவன் கேமராவால் என்ன செய்ய முடியும்? படத்தில் எனக்குப் பிடித்த ஆள் அவள்தான்.

பொங்கலுக்குச் செந்தில் குடும்பத்தோடு வருகிறான். நீயும் வந்து நான்கு நாள் இரு. நான் சொன்னால் கேட்காதவன் நீ சொன்னால் கேட்பான். அவன் கையைப் பிடித்து ‘அ’ எழுத வைத்தவள் நீ. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடே காலம் கழித்தவளுக்கு இதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று தெரியும். எனக்கு எடுத்ததுமே குரல் உயர்ந்துவிடுகிறது.

பஸ்ஸில் வராதே, முழங்கால் தாங்காது. ரயில் டிக்கெட்டை இப்போதே போட்டு வைத்துக்கொள்.

உன்,
கோமதி

பி.கு.: படத்தைப் பார்ப்பதென்றால் பகலில் பார். சரோஜாவிடம் மட்டும் இதைப் பற்றி மூச்சு விடாதே. கல்யாணத்துக்கு வராமல் சினிமா பார்த்தாள் என்று அடுத்த கதையைத் தொடங்கிவிடுவாள்.