கார் தண்ணீரில் நின்றதை மறைத்து விற்றது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
பழைய கார் விற்பனை நிறுவனம்.

நாள்: 21.07.2025

பொருள்: வெள்ளநீரில் மூழ்கிய காரை, வெள்ளப் பாதிப்பு இல்லாதது என்று எழுத்துமூலம் உறுதியளித்து விற்றமை – முழுத் தொகையையும் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

2019 ஆகஸ்டில் தூத்துக்குடியில் பதிவான, டி.என். 69 எனத் தொடங்கும் எண் கொண்ட, ஒரே உரிமையாளர் வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட பெட்ரோல் கார் ஒன்றை 4,35,000 ரூபாய்க்குத் தங்கள் நிறுவனத்திடமிருந்து வாங்கினேன். 2025 ஜூன் 7 அன்று மாலை தங்கள் ஊழியர் அதனைப் பாளையங்கோட்டையில் என் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து ஒப்படைத்தார். வண்டியோடு தந்த ஆய்வறிக்கையின் முதல் பக்கத்தில், பச்சை நிறக் கட்டத்துக்குள், ‘விபத்து இல்லை, வெள்ளப் பாதிப்பு இல்லை’ என்று அச்சிட்டிருந்தீர்கள். அந்த ஐந்து சொற்களை நம்பியே பணம் கட்டினேன். அவற்றில் கடைசி மூன்றும் பொய் என்பதே இக்கடிதத்தின் சாரம்.

வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆள் புலம்புகிறார் என்று இக்கடிதத்தை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பது ஆண்டுகளாகக் கார் என்பது எனக்குப் பயணச் சாதனம் மட்டுமன்று; பித்து என்றே வீட்டில் சொல்வார்கள். சொந்தக்காரர்களும் அலுவலக நண்பர்களும் பழைய கார் வாங்கப் போகும்போது என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். நம்ப முடியாத கார்கள் எவை, ஏன் என்பது எனக்கு ஓரளவு தெரியும். 1980களின் நடுவில் சென்னையில் தயாராகி வந்த ஸ்டாண்டர்டு 2000 காரை நினைத்துப் பாருங்கள். பார்ப்பதற்கு இங்கிலாந்து ரோவரின் உடம்பு, பானெட்டைத் திறந்தால் அதற்கு முந்தைய தலைமுறையின் எஞ்சின், பெட்ரோலோ தண்ணீராகச் செலவாகும். சில ஆண்டுகளிலேயே அதன் கதை முடிந்துபோனது. இந்தக் காலத்திலும் எண்ணெயில் குளிராத உலர் கிளச் வைத்த சிலவகைத் தானியங்கி கியர்பெட்டிகள் நம் ஊர் வெயிலிலும் நெரிசலிலும் படுத்துகிற பாட்டை அறிந்தவர்கள், உத்தரவாதக் காலம் முடிந்த அத்தகைய வண்டியின் பக்கம் போக மாட்டார்கள். 2017 முடிவில் செவர்லே இங்கே விற்பனையை நிறுத்தியதும், 2021 செப்டம்பரில் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததும், அவ்வண்டிகள் மோசமானவை என்பதால் அல்ல. ஆனாலும் பழையதாக வாங்குகிறவன் உதிரிபாகத்தைப் பற்றி ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கத்தான் வேண்டும்.

இத்தனையையும் யோசித்துத்தான் டர்போ இல்லாத, சாதாரண கியர் உள்ள, எங்கள் ஊர்ப் பேட்டைப் பகுதியில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டக்கூடிய, எளிதில் பழுதாகாது என்று பெயரெடுத்த மாடலாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அதனைத் தயாரித்த கம்பெனியின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. பிறவியிலேயே கோளாறுள்ள மாடல் என்றால் விசாரித்துத் தவிர்த்துவிடலாம். நல்ல மாடலில் ஒரு வண்டி மட்டும் தண்ணீரில் கிடந்து எழுந்து வந்திருந்தால், அதனை விற்கிறவர் சொன்னால்தானே வாங்குகிறவனுக்குத் தெரியும்?

வண்டியை ஒப்படைத்த அன்று நானும் சும்மா இருக்கவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஆயிலில் தண்ணீர் கலந்ததைக் காட்டும் பால் நிறம் ஆயில் மூடியின் அடியில் ஏதும் இல்லை. காருக்குள் தரையில் விரித்திருந்த மேட்டைத் தூக்கி முகர்ந்தேன். வாசனைத் திரவிய மணம் சற்றுத் தூக்கலாக இருந்தது, அவ்வளவுதான். ஓட்டுநர் இருக்கையின் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். புதிது போல் இருந்தது. ‘புதிது போல்’ என்று நான் நினைத்தது உண்மையிலேயே புதிது என்பது பிறகுதான் விளங்கிற்று. 2019 காரின் முன்னிருக்கை பெல்ட்டுகள் இரண்டிலும் அடியில் தைத்திருக்கும் சீட்டில் 2024 என்று இருக்கிறது. அன்று மாலை வெளிச்சம் மங்கியிருந்ததால் அதனைப் படிக்கவில்லை. பின்னிருக்கை பெல்ட்டுகளை இழுத்துப் பார்க்கவும் இல்லை. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட அம்சங்களைச் சோதித்ததாகச் சொல்லும் நிறுவனத்தின் அறிக்கை கையில் இருக்கும்போது வாங்குகிறவன் அதனை ஓரளவாவது நம்பத்தான் செய்வான். நம்ப வைப்பதற்காகத்தானே அதனை அச்சடித்துத் தருகிறீர்கள்?

முதல் எட்டு நாள்கள் ஒரு குறையும் இல்லை. ஜூன் மாதத் திருநெல்வேலி தங்களுக்குத் தெரிந்திருக்கும். வெயிலும் வறண்ட காற்றும்தான். ஒன்பதாம் நாளான ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு குற்றாலம் போனேன். ஆலங்குளம் தாண்டும்போதே வானம் மூடிக்கொண்டது. தென்காசியில் சாரல் பிடித்துக்கொண்டது. அருவியில் குளித்துவிட்டு வந்து மூன்று மணி நேரம் சாரலில் நின்ற வண்டியைக் கிளப்பியபோது ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தது. சரி, ஏதோ சென்சார் கோளாறு என்று புறப்பட்டேன். பாவூர்சத்திரத்தை நெருங்கும்போது பவர் ஸ்டியரிங் விளக்கும் சேர்ந்து எரிய, ஸ்டியரிங் திடீரென்று கல்லாய்க் கனத்தது. பின்னிருக்கையில் என் தாயாரும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள், எதிரே லாரி. இரண்டு கைகளாலும் வலித்து ஓரங்கட்டினேன். அதன்பிறகு எஞ்சினும் உயிர்பெறவில்லை. ரெக்கவரி வண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவர 3,500 ரூபாய் ஆனது.

மறுநாள் பேட்டையில் எனக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமான மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் ஸ்கேனரைப் போடுமுன்பே, ஓட்டுநர் பக்கத்து டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து வயர்களை இணைக்கும் ஒரு கப்ளரைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. "அண்ணாச்சி, இது ஆத்துல குளிச்சிட்டு வந்த வண்டில்லா" என்றார். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தோம். இருக்கைகளைக் கழற்றியதும் சீட் ரெயில்களின் அடிப்பக்கம் முழுக்கத் துரு. மேற்பக்கத்தை மட்டும் கறுப்பு பெயிண்ட் தெளித்து மறைத்திருந்தார்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் அந்தக் குழியின் மூலையில் காய்ந்துபோன மண். ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி, கியர் தண்டுக்கு முன்னால், தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பது. அதன் முனைகளும் அரித்திருந்தன. அதாவது, மோதல் நடந்தால் ஏர்பேக் விரியுமா என்பதே சந்தேகமான வண்டியில் என் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

கடைசியாகப் பின்னிருக்கையின் நடு பெல்ட்டை இழுத்தோம். முதல் ஒரு முழம் சுத்தமாக வந்தது. அதற்குமேல் இழுக்க இழுக்கத் துணி விறைத்து வந்தது. குறுக்கே கோடு கிழித்தாற்போல் ஒரு கறை. அதற்கு அப்பால் நெசவின் இடுக்குகளில் எல்லாம் சாம்பலும் பழுப்பும் கலந்த வண்டல். விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. அது எந்த மண் என்று திருநெல்வேலிக்காரனுக்கு ஆய்வுக்கூடம் வந்து சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, வண்ணாரப்பேட்டையிலும் சந்திப்புப் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் அதே மண்ணைத்தான் வாரிக் கொட்டினோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சுமார் 800 பயணிகள் ரயிலோடு சிக்கிக்கொண்டார்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் அந்த வாரம் எத்தனை கார்கள் தண்ணீருக்குள் நின்றன என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். டி.என். 69 என்று கண்டதுமே தங்கள் ஆய்வாளர் பின்னிருக்கை பெல்ட்டை இழுத்திருக்க வேண்டும். நான் ஏமாந்த இடமும் அதுதான் என்பதால், அதைச் சொல்ல எனக்கும் கூச்சமாகவே இருக்கிறது.

மண்ணை மட்டும் வைத்து நான் பேசவில்லை. தாங்கள் கொடுத்த காகிதங்களே பேசுகின்றன. வண்டியோடு வந்த காப்பீட்டுப் பத்திரம் 2024 ஆகஸ்டில் புதுப்பிக்கப்பட்டது. இழப்பீடு கேட்காத ஐந்து ஆண்டுகள் முடிந்த வண்டிக்கு அதில் 50 சதவீதம் போனஸ், அதாவது பிரீமியத்தில் தள்ளுபடி, இருந்திருக்க வேண்டும். ஆனால் போனஸ் பூஜ்யம் என்றிருக்கிறது. காப்பீடு 90 நாள்களுக்கு மேல் விட்டுப்போனாலும் போனஸ் போய்விடும் என்று தாங்கள் சொல்லக்கூடும். முந்தைய பத்திரம் முடிந்த மறுநாளே இது தொடங்குவதை அதே பக்கத்தில் காணலாம். ஆகவே 2023 ஆகஸ்டுக்கும் 2024 ஆகஸ்டுக்கும் இடையில் இழப்பீடு பெறப்பட்டிருக்கிறது. எதற்காக என்பதை ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். தங்கள் அறிக்கையோ, ‘காப்பீடு: உள்ளது’ என்பதோடு நின்றுவிட்டது.

மீட்டரை யாரும் திருத்தவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அதுவே இன்னொரு சாட்சியாகவும் ஆகிறது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் கேட்டுப் பெற்ற பதிவின்படி, 2023 அக்டோபரில் கடைசி சர்வீஸின்போது வண்டி 38,460 கிலோமீட்டர் ஓடியிருந்தது. எனக்குத் தந்த அன்று மீட்டர் 39,715. ஆண்டுக்கு ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிவந்த வண்டி அடுத்த இருபது மாதங்களில் 1,255 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. மீதி நாள்களில் எங்கே, யாருடைய கொட்டகையில், என்ன சிகிச்சை பெற்றுக்கொண்டு நின்றது?

இவற்றைத் தங்கள் வாடிக்கையாளர் சேவை மையத்துக்குத் தொலைபேசியில் நான்கு முறையும் மின்னஞ்சலில் இரண்டு முறையும் தெரிவித்தேன். திருப்பித் தரும் ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது என்றது முதல் பதில். உத்தரவாதம் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் மட்டுமே, மின்சாரப் பாகங்களுக்கு இல்லை என்றது இரண்டாவது. கடைசியாக வந்த மின்னஞ்சல் இது ‘பயன்பாட்டினால் ஏற்படும் இயல்பான தேய்மானம்’ என்கிறது. பயன்பாட்டினால் டயர் தேயும், கிளச் தேயும், பிரேக் தேயும். பெல்ட்டுக்குள் ஆற்று வண்டல் ஏறாது. நான் உத்தரவாதத்தின்கீழ் பழுதுபார்த்துத் தரும்படி கேட்கவும் இல்லை. இல்லாத தன்மையை இருப்பதாக எழுதிக் கொடுத்து விற்றதைப் பற்றிக் கேட்கிறேன். அதற்கு ஏழு நாள் கெடு பொருந்தாது.

ஆகவே, இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் வண்டியைத் தங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, விலைத் தொகை 4,35,000 ரூபாயையும், பெயர் மாற்றத்துக்குத் தாங்கள் வசூலித்த 9,000 ரூபாயையும், ரெக்கவரிக்கும் சோதனைக்கும் நான் செலவிட்ட 8,200 ரூபாயையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பழைய வாகன விற்பனையாளர்களுக்கு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, முந்தைய உரிமையாளர் தங்களிடம் வண்டியை ஒப்படைத்ததற்கான படிவம் 29சி தங்கள் வசம் இருக்க வேண்டும். அதன் நகலையும் வண்டியை எடுத்தபோது செய்த முதல் ஆய்வின் புகைப்படங்களையும் அனுப்பிவைக்க வேண்டும். தவறினால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், நான் வசிக்கும் திருநெல்வேலியிலேயே மாவட்ட ஆணையத்தில் முறையிடுவேன். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட முறையீட்டுக்கு அங்கே கட்டணமும் இல்லை என்பதால் எனக்குத் தயக்கம் ஏதுமில்லை.

வண்டி இப்போது பேட்டை ஒர்க்‌ஷாப்பில், கழற்றிய நிலையிலேயே, தார்ப்பாய் மூடி நிற்கிறது. தங்கள் ஆள் யார் வந்தாலும் மெக்கானிக்கும் நானும் உடனிருந்து காட்டுவோம். ஆனால் பின்னிருக்கை பெல்ட்டைத் துடைக்கவோ கழற்றவோ அனுமதிக்க மாட்டோம். அறிக்கை, காப்பீட்டுப் பத்திரம், சர்வீஸ் பதிவு, ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களையும் 23 புகைப்படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். வண்டியைத் திரும்பப் பெற்றபின் தாங்கள் அதனை வேறொருவருக்கு விற்க நேர்ந்தால், அறிக்கையின் அந்தப் பச்சைக் கட்டத்தில் ‘வெள்ளத்தில் மூழ்கியது’ என்று எழுதி, வாங்குகிறவரின் கையொப்பத்தைப் பெற்ற பிறகே விற்பதாகவும் எனக்கு எழுத்துமூலம் உறுதி தர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(கையொப்பம்)