கார்டுகளை இன்னும் விற்கவில்லை

அன்புள்ள கண்ணா,

நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. படி இறங்கும்போது முழங்கால்தான் படுத்துகிறது. சின்சினாட்டியில் குளிர் இன்னும் விட்டபாடில்லை. சியாட்டிலில் விடாத மழை என்று டிவியில் காட்டினார்கள். வெளியே போகும்போது தலையை நனைத்துக்கொள்ளாதே.

உன் பேஸ்பால் கார்டையெல்லாம் விற்றுவிடச் சொல்லி அக்காவிடம் சொன்னாயாமே. உன் பொருள், உன் இஷ்டம். என்னிடமே சொல்லியிருக்கலாம், சரி, அது போகட்டும். அப்பாவை பேஸ்மென்டுக்கு இறங்க விடாமல் பைண்டர்களை நானே மேலே தூக்கி வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருக்கிறேன். நாங்கள் சமையலறையில் நின்றபடியே சாப்பிடுகிறோம். அப்பா முணுமுணுத்துக்கொண்டேதான் சாப்பிடுகிறார், ஆனால் கையைக் கழுவியதும் நேரே பைண்டர் பக்கம்தான் வருகிறார்.

எதையும் அவசரப்பட்டு விற்காதே. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஒரு கடையில் சும்மா விலை கேட்டுப் பார்த்தேன். நாம் வழக்கமாகப் போகும் கடை இல்லை, புது ஆள். பக்கங்களை மளமளவென்று புரட்டிவிட்டு, மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். ஒரு கார்டைக்கூட வெளியே எடுக்கவில்லை, மூலையைப் பார்க்கவில்லை, வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்க்கவில்லை. நீ எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதானே. பைண்டரை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நம் ஊர் அணியான ரெட்ஸ் பைண்டரை மட்டும் நிதானமாகப் பார்த்தேன். எம்.வி.பி. பக்கத்தில், அதான் வருஷா வருஷம் லீகின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் விருது, முதல் மூன்று பாக்கெட்டிலும் கார்டு இல்லை, உன் கையெழுத்தில் துண்டுச் சீட்டுகள்தான்: 1938 லொம்பார்டி, 1939 வால்டர்ஸ், 1940 மெக்கார்மிக். வரிசையாக மூன்று வருஷமும் நம் ஊருக்கே. "அந்தக் காலத்துக் கார்டு நமக்குக் கட்டுப்படியாகாதும்மா, இடம் மட்டும் பிடித்து வைக்கிறேன்" என்றாய். அப்புறம் 1961 பிராங்க் ராபின்சன், 1970-லும் 72-லும் ஜானி பெஞ்ச், 73 பீட் ரோஸ், 75-லும் 76-லும் ஜோ மார்கன். ஒன்பது பாக்கெட்டும் நிறைந்துவிட்டது. அடுத்த பக்கத்தில் 77 பாஸ்டர், 95 லார்கின், 2010 வாட்டோ. 1970-லிருந்து 77 வரை, எட்டு வருஷத்துக்குள் ஆறு தடவை ஒரே அணிக்கு! இதை நீ எத்தனை பேரிடம் சொல்லி அறுத்திருப்பாய். மயிலாப்பூர் பாட்டிக்குக்கூடப் போனில் சொன்னாயே.

வாட்டோவுக்குக் கிடைத்த அன்று நீ ஸ்கூல் விட்டு வந்து ஷூவைக் கழற்றாமல் கத்தியதும் நினைவிருக்கிறது. முப்பத்திரண்டு முதலிட ஓட்டில் முப்பத்தொன்று அவருக்கு. போடாத அந்த ஒரு ஆள் யார் என்று ராத்திரி பூராவும் கேட்டுக்கொண்டிருந்தாய். பன்னிரண்டு வயசு. ஜெயித்த வருஷத்துக் கார்டாக இருக்க வேண்டும், ஜெயித்த அணியின் சட்டையில் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வேறு போட்டுக்கொண்டாய். கார்டு ஷோவில் ஒரு பெரியவர் ஜோ மார்கனுடைய ரூக்கி கார்டை, அதாவது அவருடைய முதல் கார்டை, மலிவாகத் தருகிறேன் என்றார். அது ஹூஸ்டன் கார்டு, ஒரு கார்டில் இரண்டு முகம். "தேங்க்யூ சார், எனக்கு 75-ம் 76-ம்தான் வேண்டும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாய். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. அப்படிக் கறாராக இருந்த பிள்ளை இன்றைக்கு "எல்லாத்தையும் தள்ளிவிடுங்க" என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

விலை என்று பார்த்தால் லார்கினுடையது தேறாது. 1987-ல் டாப்ஸ் கம்பெனி போட்டது, மரச்சட்டம் போட்ட மாதிரி ஓரம் இருக்குமே, அதில் ஒரு கட்டே வைத்திருக்கிறாய். அந்த வருஷங்களில் கணக்கு வழக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளிவிட்டார்கள் என்று நீதான் சொல்வாய். மனுஷர் 2012-ல் பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆப் பேமுக்கே போனார், கார்டு டீச் செலவுக்குத்தான் காணும். பெஞ்ச்சின் 1968 ரூக்கி கார்டு அப்படியில்லை. அதை உன் சட்டத்தை மீறி அப்பாதான் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தார், அதனால் தனி ஸ்லீவில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. விற்பதானால் அதை முதலில் கிரேடிங்குக்கு, அதாவது தரம் பார்த்து மதிப்பெண் போட, அனுப்ப வேண்டும். மூலை லேசாக மழுங்கியிருக்கிறது, பத்துக்குப் பத்து வராது. இருந்தாலும் சீல் போட்டு எண் கொடுத்தபின் கேட்கிற விலையே வேறு. அதற்கெல்லாம் நாள் ஆகும். அதனால்தான் சொல்கிறேன், அவசரப்படாதே.

சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதுப் பக்கத்தில் இன்னும் டாம் சீவர்தான், முகத்தைத் திருப்பி வைத்தபடி. நியூயார்க்கில் மூன்று வாங்கியவர், 1977-ல் நம் ஊருக்கு வந்தார். 1981-ல் பதினாலு ஜெயித்து இரண்டே இரண்டு தோற்றும் வாலன்சுவேலாவுக்குப் போய்விட்டது. யாராவது ஜெயிக்கிற வரைக்கும் இவர் காவல் இருக்கட்டும் என்று வைத்தாய். 1956-ல் ஆரம்பித்த விருது, சின்சினாட்டிக்கு முதல் தடவை கிடைத்ததே 2020-ல்தான், அதுவும் கொரோனாவால் அறுபது ஆட்டமாகச் சுருங்கிப்போன சீசனில். அதை வாங்கிய பாவர் அடுத்த வருஷமே லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டார். 2022-ல் லீக் தடை போட்டது. நீ அவர் கார்டை வாங்கவே இல்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

நான் எல்லாவற்றையும் கேட்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். போன மாதம் உங்கள் ஊர் நேரம் பகல் பதினொன்றுக்குக் கூப்பிட்டேன், செவ்வாய்க்கிழமை. பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. லீவு போட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் கூப்பிட்டபோதும் டிவி ஓடியது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா கோவிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் உன் கம்பெனிப் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் குறுக்கே ஒன்றும் பேசவில்லை. வேளைக்குச் சாப்பிடு. சும்மா நூடுல்ஸைக் கிளறித் தின்றுவிட்டுப் படுக்காதே.

ராபின்சனுக்காக நீயும் அப்பாவும் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? 1965 டிசம்பரில் ரெட்ஸ் அவரை பால்டிமோருக்குத் தள்ளிவிட்டது. அவருக்கு அப்போது முப்பது வயசு. முப்பதுதான், ஆனாலும் இளமையான முப்பது இல்லை என்கிற மாதிரி முதலாளி பேசினாராம். பால்டிமோர் வேறு லீக். அடுத்த வருஷமே நாற்பத்தொன்பது ஹோம் ரன், மட்டையடியில் மூன்று முதலிடமும் சேர்ந்த ட்ரிபிள் கிரவுன், அந்த லீகிலும் எம்.வி.பி. டாட்ஜர்ஸை நாலுக்கு பூஜ்யம் என்று சுருட்டி, இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் வேர்ல்ட் சீரிஸையும் வாங்கிக் கொடுத்தார். இரண்டு லீகிலும் எம்.வி.பி. ஆன ஆள் 2024-ல் ஒட்டானி வரும்வரை அவர் ஒருவர்தான். "நம்ம ஊர்க்காரர், இரண்டு கார்டும் ரெட்ஸ் பைண்டரில்தான் இருக்கணும்" என்றார் அப்பா. "விருது ஆளுக்கு இல்லப்பா, அந்த வருஷம் போட்டிருந்த சட்டைக்கு" என்று 66 கார்டை நீ பால்டிமோர் பைண்டரில் வைத்தாய். போகச் சொன்ன ரெட்ஸே பிறகு அவருடைய 20-ம் நம்பரை வேறு யாருக்கும் கிடையாது என்று எடுத்து வைத்தது. ஸ்டேடியம் வாசலில் சிலையும் நிற்கிறது. அதன் பக்கத்தில் நீ மட்டை பிடிக்கிற மாதிரி நின்ற போட்டோ ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது.

உனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆபீஸில் யார் என்ன சொன்னாலும், எதைச் செய்தாலும், எங்களிடம் சொல்வதில் ஒன்றும் குறைந்துவிடாது. அப்பா டெட்ராய்ட்டில் ஏழு மாதம் வீட்டில் இருந்ததைப் பற்றி அக்காவைக் கேள், அவளுக்கு அப்போது விவரம் தெரியும். வாடகை ஒன்றாம் தேதியா, ஐந்தாம் தேதியா? சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. உன் அக்கவுன்ட்டில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். உபரி லார்கின்களை விற்ற பணம் என்று வைத்துக்கொள். கணக்குக் கேட்காதே.

மீதியை உன்னைக் கேட்காமல் தொடமாட்டேன். ராபின்சன் இரண்டும் நீயே வந்து கேட்டாலும் கிடையாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பாஸ்டர் கார்டில் ஸ்லீவ் கிழிந்திருக்கிறது, என்ன அளவு வாங்க வேண்டும் என்று மட்டும் அனுப்பு. அப்புறம், மார்ச் கடைசியில் ஓப்பனிங் டே, சீசனின் முதல் மேட்ச், வருகிறது. பின்ட்லே மார்க்கெட் ஊர்வலத்துக்கு முழங்காலோடு நிற்க முடியாது, மேட்சுக்கு மட்டும் போகலாம் என்கிறார் அப்பா. டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். இரண்டு வாங்கட்டுமா, மூன்றா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்.

இப்படிக்கு,
அம்மா