காய்ச்சல் இல்லாத வெயில்

பீடோங், கெடா மாநிலம், மலேசியா
பங்குனி முதல் வாரம், சனிக்கிழமை மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? கதை எழுதாதே, விவரம் எழுது என்பீர்கள். சித்தி மகளும் வைகாசியில் இந்தப் பக்கம் பாடம் சொல்லித்தர வருகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் இதில் விவரம் மட்டும்தான். படித்துவிட்டு அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

அங்கேயும் கத்திரி வெயில் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பேரே இங்கே கிடையாது. தை, மாசியில் கெடாவில் மழை குறையும், பகலில் 34, 35 டிகிரி அடிக்கும். அருப்புக்கோட்டைக்காரருக்கு இது ஒரு வெயிலா என்று தோன்றும். ஆனால் தாத்தா நெல்லுக்குச் சொல்வாரே, காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது காயவிடுவதும் நீர் விடுவதும், மாறி மாறி வேண்டுமென்று. இந்த ஊரில் பாய்ச்சல் மட்டும்தான். வெயிலிலும் காற்று ஈரமாகவே இருக்கிறது. வேர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். இங்கே அது ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். ராத்திரியிலும் சூடு பெரிதாகக் குறையாது. இந்த நாட்டில் பதிவான உச்ச வெப்பமே 40.1 டிகிரிதான், 1998 ஏப்ரல் 9-இல் பக்கத்து மாநிலமான பெர்லிஸின் சுப்பிங்கில். தொடர்ந்து மூன்று நாள் 35-ஐத் தொட்டால் வானிலைத் துறை முதல்நிலை எச்சரிக்கை விடுகிறது. 37-ஐத் தாண்டினால் அதை வெப்ப அலை என்கிறது. நம் ஊரில் சிரிப்பார்கள். ஒரு மத்தியானம் தகரக் கூரை வகுப்பில் முப்பது பிள்ளைகளோடு நின்றால் சிரிப்பு வராது.

முதலில் கடிகாரம். இங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். 1982 பிறக்கும்போது தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளி, கடலுக்கு அப்பால் கிழக்கே இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களோடு ஒன்றாக்கினார்கள். அதனால் சூரியன் கடிகாரத்துக்குப் பின்னாலேயே வருகிறது. இப்போது விடிவது ஏழே கால், ஏழரைக்கு. பள்ளி தொடங்குவதும் ஏழரைக்கு. பிள்ளைகள் இருட்டில் கிளம்பி வருகிறார்கள். உச்சிப்பொழுது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1.25-க்கு. அதாவது பள்ளி விட்டுப் பிள்ளைகள் நடந்து போகிற நேரம்தான் நடு உச்சி. குடையும் தொப்பியும் காலையில் தேவையில்லை என்று வீட்டில் வைத்துவிட்டு வருவதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தப்பு. நிழலில்லா நாள் நம் ஊரில் சித்திரைப் பிறப்பை ஒட்டி வருமே, இங்கே அது ஏப்ரல் முதல் வாரமே வந்துவிடும். ஒரு குச்சியை நட்டு 1.25-க்குப் பார்த்தால் நிழல் காலுக்குள் அடங்கியிருக்கும். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தர இதைவிடச் செலவில்லாத பாடம் இல்லை. 12 மணிக்குக் குச்சி நட்டால் மட்டும் டீச்சர் மாட்டிக்கொள்வார்.

அடுத்தது கிழமை. கெடாவில் வாராந்திர விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள். அலைபேசியின் அலாரத்தைத் திங்கள் முதல் வெள்ளி வரை என்று வைத்துவிட்டு ஞாயிறு காலை தூங்கிப்போவது இங்கே எல்லாப் புது டீச்சருக்கும் ஒரு தடவையாவது நடக்கும். நீங்களும் ஞாயிறு பத்து மணிக்குக் கூப்பிடாதீர்கள். அங்கே பத்து என்றால் இங்கே 12.30, பாலர் பள்ளியில் பிள்ளைகளை ஒவ்வொருவராக வண்டி ஏற்றிவிடும் நேரம். வெள்ளி என்றால் கிழமை மட்டுமல்ல, பணமும்தான். ரிங்கிட்டை நம்மவர்கள் வெள்ளி என்றே சொல்கிறார்கள். "வெள்ளிக்கு முப்பது வெள்ளி தந்திடுறேன் டீச்சர்" என்றால் பாதி கிழமை, பாதி கணக்கு.

பேச்சில் இன்னும் சில உண்டு. மோட்டார் என்றால் கிணற்று மோட்டார் அல்ல, பைக். காடி என்றால் கார். "பசியாறிட்டீங்களா" என்றால் சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். கடையில் உட்கார்ந்ததும் "தண்ணி என்னா?" என்பார்கள். குடிக்க என்ன வேண்டும், தேநீரா, கோப்பியா, மைலோவா என்ற கேள்வி அது. "சும்மா தண்ணி போதும்" என்று சொன்னால் ஒரு நொடி முழிப்பார்கள்.

வகுப்பறைக்கு வருகிறேன். ஈரக்காற்றுக்கு முதலில் பலியாவது காகிதம். நகல் எடுக்கும் எந்திரம் தாளைக் கடித்துக்கொண்டு நின்றால் எந்திரத்தைத் திட்டிப் பயனில்லை. கட்டு பிரித்த தாள் ஒரே ராத்திரியில் ஈரம் குடித்து ஓரம் சுருண்டுகொள்கிறது, இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு உள்ளே போகிறது. தேவையான நூறு தாளை மட்டும் எடுத்து, கையால் விசிறிப் பிரித்துத் தட்டில் வைக்க வேண்டும். மிச்சத்தை அதே மெழுகு உறையில் மடித்து, மேலே ஒரு பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டிவிட வேண்டும். சாயங்காலம் தட்டில் மிஞ்சுவதையும் திரும்ப எடுத்துவிட வேண்டும். பரீட்சைத் தாள் திருத்தும்போது முழங்கையில் தாள் ஒட்டி மை இழுபடும். கைக்கடியில் ஒரு கைக்குட்டை போட்டுக்கொண்டால் போதும்.

செருப்பு விஷயத்தை அம்மாவிடம் தனியாகச் சொல்லுங்கள். நல்ல செருப்பு, விசேஷத்துக்கு ஆகட்டும் என்று அட்டைப்பெட்டியில் வைத்துப் பூட்டுகிற பழக்கம் இங்கே ஆகாது. பாலியூரித்தேன் அடிப்பாகம் ஈரக்காற்றில் தானாகவே சிதைகிறது. வெளியே பார்க்கப் புதுசாக இருக்கும். போட்டுக்கொண்டு நாலு அடி வைத்ததும் அடி முழுக்கப் பொடிப்பொடியாக உதிரும், அல்லது வாயைப் பிளக்கும். பொதுவாக இது பெற்றோர் கூட்டத்தன்றுதான் நடக்கும், ஏனென்றால் அன்றைக்குத்தானே நல்ல செருப்பு வெளியே வருகிறது. பசை உதவாது, உதிர்வதை எதில் ஒட்டுவது? அடியில் ரப்பர் வைத்துத் தைத்த செருப்பாகக் கொண்டுவரச் சொல்லுங்கள், அதையும் வாரம் ஒருநாளாவது போட வேண்டும்.

கஞ்சி போட்ட நூல் புடவையும் அப்படித்தான். காலை பத்து மணிக்கே துவண்டுவிடும். அலமாரியில் மடித்து வைத்தால் இரண்டு வாரத்தில் சாம்பல் புள்ளி, அதோடு ஒரு புளித்த வாடை. கஞ்சி வேண்டாம். இஸ்திரி போட்டதும் சூட்டோடு மடிக்காமல் பத்து நிமிடம் விசிறிக் காற்றில் விட்டு எடுத்து வைக்க வேண்டும். ஈரம் உறிஞ்சும் டப்பா கடைகளில் கிடைக்கிறது, உள்ளே கால்சியம் குளோரைடு. சில வாரத்தில் டப்பாவின் அடியில் தண்ணீர் நிற்கும். அது சாய்ந்து தோல்பையில் பட்டால் பை போனது. அதனால் டப்பாவைக் கீழ்த்தட்டு மூலையில்தான் வைக்க வேண்டும்.

அம்மா கேட்ட கூழ் வற்றல். இதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும், ஏனென்றால் நம் ஊர் முறைப்படி போட்டால் மூன்றாம் நாள் பூசணம்தான். அங்கே ஒரு படி மாவுக்கு ஐந்து படி தண்ணீர் வைத்தால் இங்கே நாலு போதும். ஊற்றுகிற தண்ணீரை எல்லாம் பிறகு வெயில்தானே எடுக்க வேண்டும். உப்பையும் கால் பங்கு குறைத்துவிட வேண்டும், உப்பு ஈரத்தை இழுக்கும். கூழை மூன்று விரல் அகலத்துக்குமேல் ஊற்றக்கூடாது, மெலிசாகத் தேய்க்க வேண்டும். தரையில் விரித்த வேட்டியில் ஊற்றினால் அடிப்பக்கம் காயவே காயாது. இரண்டு நாற்காலிக்கு நடுவே கம்பிவலையை வைத்து, அதன்மேல் மெல்லிய துணி. கீழேயும் காற்று ஓட வேண்டும், அதுதான் சூட்சுமம். காலை பத்துக்கு முன்னால் வைத்துப் பயனில்லை, பனி ஈரம் போகாது. மூன்று மணிக்கெல்லாம் உள்ளே எடுத்துவிட வேண்டும். ராத்திரி டப்பாவில் மூடாமல் விசிறிக்கடியில் பரப்பி வைக்க வேண்டும். ஒடித்தால் "டக்" என்று சத்தம் வர வேண்டும். வளைந்தால் இன்னொரு நாள். கடைசியில் அடிகனத்த வாணலியைச் சுடவைத்து அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே கால் மணி நேரம் புரட்டி, கை பொறுக்கும் சூடு இருக்கும்போதே பாட்டிலில் அடைத்துவிட வேண்டும். முழுக்க ஆறட்டும் என்று விட்டால் திரும்ப ஈரம் குடித்துக்கொள்ளும். இதெல்லாம் மாசிக்குள் முடிய வேண்டிய வேலை. பங்குனி பாதியிலிருந்து சாயங்கால இடிமழை தொடங்கிவிடும், அப்புறம் கடையில் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

தயிருக்கு எதிர்ப்பிரச்சினை. காலை எட்டுக்கு உறை ஊற்றினால் பன்னிரண்டுக்குத் தோய்ந்து, வேலை முடிந்து வருவதற்குள் புளித்துவிடும். ராத்திரி படுக்கும்போது ஒரு லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி மோர், காலையில் எழுந்ததும் குளிர்பெட்டியில்.

வறட்சியில் குழாயில் தண்ணீர் நின்று போகும் நாள்கள் உண்டு. எல்லாரும் பீப்பாயில் பிடித்து வைப்பார்கள். டெங்கு கொசு அதில்தான் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை காலி செய்து, உள்சுவரைப் பிரஷால் தேய்க்க வேண்டும். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. காலி செய்ய முடியாத தொட்டிக்குப் புழுக்கொல்லி மணல் போடுகிறார்கள், பத்து லிட்டருக்கு ஒரு கிராம். சுகாதாரத் துறையினர் வீடு வீடாக வருவார்கள். புழு இருந்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 வெள்ளி வரை உடனடித் தண்டம். பூத்தொட்டியின் அடித்தட்டையும் குளிர்பெட்டியின் பின்தட்டையும்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

வெயிலில் விளையாடி வந்து தலைசுற்றி உட்காரும் பிள்ளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். உப்பைக் கூட்டக்கூடாது. பிள்ளை உளறினாலோ, தோல் கொதித்தும் வேர்க்காமல் இருந்தாலோ குடிக்கக் கொடுத்துக்கொண்டிருக்காமல் நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறியபடியே அவசர உதவி எண் 999-ஐக் கூப்பிட வேண்டும்.

தோட்டத்துக்குள் மோட்டாரில் போவதைப் பற்றி. ஊரைச் சுற்றிக் கித்தாவும் (ரப்பர்) செம்பனையும் (எண்ணெய்ப்பனை) மாறி மாறி இருக்கின்றன. வெட்டிய செம்பனை மட்டையைப் பாதையோரம் அடுக்குவார்கள், அதன் முள் டயரில் ஏறும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குலை வெட்டுவார்கள். ஆலைக்குச் சீக்கிரம் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்பதால் லாரி நிற்காமல் ஓடும். வளைவில் உதிரிப்பழம் சிந்திக் கிடக்கும். அதன்மேல் முன்பிரேக் பிடித்தால் கீழேதான். ஜெராய் மலையின் உச்சி 1,217 மீட்டர், ஊரிலிருந்தே தெரியும். அதை மேகம் மூடி, காற்று சட்டென்று குளிர்ந்தால் மழைக்கோட்டை அப்போதே போட்டுவிட வேண்டும். கித்தா மரத்தடியில் ஒதுங்கக்கூடாது. இடி ஒரு காரணம், கிளை சுலபமாக முறியும் என்பது இன்னொன்று. கடை வாசலோ பேருந்து நிறுத்தமோ பார்த்து நிற்க வேண்டும்.

இடி விழுந்தால் வீட்டில் மின்சாரம் துண்டிக்கும். பயப்பட வேண்டாம். பெட்டியிலுள்ள சின்ன சுவிட்சுகளை எல்லாம் கீழே இறக்கி, பெரியதை மேலே தூக்கி, பிறகு சின்னவற்றை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எதைப் போடும்போது திரும்ப விழுகிறதோ அந்த வழியில்தான் கோளாறு, பெரும்பாலும் வாசல் விளக்கில் தண்ணீர் இறங்கியிருக்கும்.

டியூஷன் கட்டணம் நேரத்துக்கு வருகிறதா என்று கேட்டிருந்தீர்கள். மாசி, பங்குனியில் வராது. கித்தா மரம் இந்த மாதங்களில் இலை உதிர்த்துத் துளிர்க்கும், பால் குறைந்துவிடும், மரம் வெட்டிப் பால் எடுப்பதை நிறுத்தி வைப்பார்கள். பால் வெட்டுகிற வீடுகளில் கையில் காசு இருக்காது. மற்ற மாதங்களில் இருட்டோடு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டப் போவார்கள். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். மழையில் பட்டை நனைந்தால் அன்றைக்கு வேலை இல்லை. ஆக, வறட்சியிலும் குறை, மழையிலும் குறை. பக்கத்து நகரமான சுங்கைப் பட்டாணியில் தொழிற்சாலைக்குப் போகிற வீடுகள் மாதம் பிறந்ததும் கட்டிவிடுகின்றன. சித்தி மகள் பிப்ரவரி, மார்ச் கணக்கை ஏப்ரலில்தான் கேட்க வேண்டும். முன்னால் கேட்டால் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள், காசும் வராது, பிள்ளையும் வராது.

அவளிடம் கொடுத்தனுப்ப: அம்மா போட்ட வற்றல் அரைக் கிலோ, இரண்டு பையில் கட்டி. மிக்ஸி கொண்டுவரலாம், மின்னழுத்தம் ஒத்துவரும். பிளக் மட்டும் இங்கே சதுரக்கால் மூன்று, வந்து மாற்றிக்கொள்ளலாம். கறிவேப்பிலைக் கன்று, விதை எதுவும் வேண்டாம், அனுமதி இல்லாமல் விமான நிலையத்தில் விடமாட்டார்கள். கன்று பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் மகள்

பி.கு. புதன் இரவு உங்கள் நேரம் எட்டுக்குக் கூப்பிடுங்கள். அப்போது இங்கே பத்தரை, வகுப்பு இருக்காது.