ஸ்டிராஸ்பர்க்கைத் திட்டும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நலம். போன வாரம் தொலைபேசியில் நீ பொரிந்து தள்ளியதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். என்னைப் பேச விட்டால்தானே? வாஷிங்டனில் குடியேறியதும் அந்த ஊர் பேஸ்பால் ரசிகர்களின் கோபம் உன்னையும் தொற்றிக்கொண்டுவிட்டது. வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் பிட்சராக (பந்து வீசுபவராக) இருந்த ஸ்டீபன் ஸ்டிராஸ்பர்க் 24.5 கோடி டாலருக்கு ஏழாண்டு ஒப்பந்தம் வாங்கிக்கொண்டு எட்டே ஆட்டங்களில் பந்து வீசினார், ஒரே வெற்றி, ஆகவே அவர் ஊரை ஏமாற்றியவர் என்கிறாய். கல்லூரியிலிருந்து வந்த பிட்சர்களில் நம் பிட்ஸ்பர்க்கின் பால் ஸ்கீன்ஸுக்கு நிகரில்லை என்கிறாய். இரண்டாவதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. முதலாவதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2010 ஜூன் 8 நினைவிருக்கிறதா? ஸ்டிராஸ்பர்க்கின் முதல் ஆட்டம். அவரிடம் மாட்டியவர்கள் நம் பிட்ஸ்பர்க் அணியான பைரேட்ஸ்தான். ஏழு இன்னிங்ஸில் 14 ஸ்ட்ரைக்அவுட் (மட்டையாளர் பந்தை அடிக்க முடியாமல் மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது), ஒரு வாக்கூட (தவறான நான்கு பந்து வீசி முதல் தளத்தை இலவசமாகக் கொடுப்பது) இல்லை. கடைசியாக எதிரே வந்த ஏழு பேரும் வரிசையாக ஸ்ட்ரைக்அவுட். நம் ஆட்கள் காற்றை அடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்க, நீ டிவிக்கு முன்னால் நின்று எதிரணிக்காரருக்குக் கைதட்டினாய். உன்னை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவதாக அப்பா மிரட்டினார்.

கல்லூரிக் கணக்கைப் பார்ப்போம். 2009இல் சான் டியேகோ ஸ்டேட்டுக்காக ஸ்டிராஸ்பர்க் 109 இன்னிங்ஸில் 195 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். ஏர் ஃபோர்ஸ் அகாடமிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துத் தளம் சேர்வது) கொடுக்காத ஆட்டமும் அந்த ஆண்டுதான். அதே அகாடமியில் பின்னாளில் கேட்சராகவும் (வீசும் பந்தைப் பிடிப்பவர்) பிட்சராகவும் இருந்த ஸ்கீன்ஸ், எல்.எஸ்.யு.வுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) மாறி 2023இல் 122 இன்னிங்ஸுக்குச் சற்று மேல் வீசி 209 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார். வகுத்துப் பார்த்தால் ஸ்டிராஸ்பர்க் ஒரு முடி மேலே. ஆனால் ஸ்கீன்ஸ் எதிர்கொண்ட அணிகள் வலுவானவை. கல்லூரி உலகத் தொடர் நடக்கும் ஒமாஹாவில் வேக் ஃபாரஸ்டுக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ், இரண்டே ஹிட். அந்தப் பக்கம் ரெட் லௌடரும் ஓட்டமே கொடுக்கவில்லை. பதினோராவது இன்னிங்ஸில் எல்.எஸ்.யு.வின் டாமி வைட்டின் ஹோம் ரன் வந்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

இந்த இருவரையும் விட எனக்கு மனம் ஆறாதவர் மார்க் பிரையர் என்ற பிட்சர். நீ அப்போது சின்னப் பையன். 2001இல் யு.எஸ்.சி.க்காக (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) 202 ஸ்ட்ரைக்அவுட், வெறும் 18 வாக். அவர் வீசும் முறையில் குற்றமே காண முடியாது என்றார்கள். 2003இல் சிகாகோ கப்ஸுக்கு 18 வெற்றி, 245 ஸ்ட்ரைக்அவுட். 211 இன்னிங்ஸ் வீசிய களைப்போடு, பட்டத்துக்கான அக்டோபர் ஆட்டங்களுக்கும் வந்தார். மார்லின்ஸுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் 3-0 என்று முன்னிலை. கோப்பையைத் தீர்மானிக்கும் உலகத் தொடருக்குப் போக இன்னும் ஐந்து அவுட்தான். அந்த எட்டாவது இன்னிங்ஸிலேயே மார்லின்ஸ் எட்டு ஓட்டம் எடுத்துவிட்டது. 2005இல் ஒருவர் அடித்த பந்து நேரே வந்து அவர் முழங்கையை உடைத்தது. பிறகு தோள் போனது. 2006 ஆகஸ்டில் கடைசி ஆட்டம், வயது 25. அதிகம் வீசவைத்ததுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. எனக்கென்னவோ அந்த மேனேஜர்மீது இன்னும் கோபம்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஸ்டிராஸ்பர்க்கைப் பார். முதல் ஆண்டிலேயே முழங்கையில் டாமி ஜான் அறுவை, அதாவது கிழிந்த தசைநாரை மாற்றும் சிகிச்சை. 2012இல் 15 வெற்றியோடு இருந்தவரை, கை கெடாமலிருக்க, 159 இன்னிங்ஸோடு நிறுத்தினார்கள். அணி அக்டோபரில் தோற்றதும் ஊரே நிர்வாகத்தைத் திட்டியது. ஆனால் 2019 அக்டோபரில் அவர் ஐந்து ஆட்டங்களை வென்றார், ஒன்றிலும் தோற்கவில்லை. உலகத் தொடரில், ஹூஸ்டனில் தோற்றால் எல்லாம் முடிந்தது என்ற ஆறாவது ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸ்வரை நின்றார். நீ பெருமையடிக்கும் அந்தக் கோப்பை அப்படி வந்தது. ஒப்பந்தத்துக்குப் பிறகு கழுத்தெலும்புக்கும் முதல் விலாவுக்கும் நடுவே நரம்பு நசுங்கி, விலா எலும்பையே எடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பணத்தை 2019க்கான கூலி என்று எழுதிக்கொள். ஏமாற்று என்று மட்டும் சொல்லாதே.

ஸ்கீன்ஸுக்கு வருகிறேன். 2024 ஜூலையில் மில்வாக்கிக்கு எதிராக ஏழு இன்னிங்ஸ் ஒரு ஹிட்கூடக் கொடுக்காதவரை 99 பந்தோடு வெளியே எடுத்தார்கள். வாய்விட்டுத் திட்டினேன். பிரையரை நினைத்ததும் அடங்கிவிட்டேன். 2025இல் ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.97 ஓட்டம், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதில் முதலிட வாக்கு அத்தனையும் அவருக்கே. வெற்றி பத்து, தோல்வியும் பத்து! நம் மட்டையாளர்களின் புண்ணியம். இவரை ஸ்டிராஸ்பர்க்குக்கு மேலே வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் உலகத் தொடர் மேடையில் இவர் இன்னும் ஒரு பந்துகூட வீசவில்லை.

ஒன்று கேட்க மறந்தேன். உன் பட்டியலில் ஜேக்கப் டிகிராம் எங்கே? ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்தில் ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாவது, மூன்றாவது தளங்களுக்கு நடுவே நின்று பந்தைப் பிடிப்பவர்) இருந்தவர். கடைசியில்தான் பந்து வீச வந்தார். 2010இல் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது ஒன்பதாவது சுற்றுவரை அவரை எவரும் எடுக்கவில்லை. பிறகு இரண்டு சை யங் வாங்கினார். கல்லூரிக் கணக்கை வைத்துக்கொண்டு அவரை எந்த இடத்தில் வைப்பாய்? யோசித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பேசு.

அன்புடன்,
அம்மா