ஸ்குரூவைத் திருகுமுன் காற்றைத் தேடுங்கள்: கார் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பட்டறை உரிமையாளர்களுக்கும் மெக்கானிக் நண்பர்களுக்கும்,

வணக்கம். நன்றாகச் சூடான பிறகும் ஒரு பெட்ரோல் கார் 1,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1,500 சுற்றில்) இரைந்துகொண்டு நின்றால், காரணத்தைத் தேடாமல் த்ராட்டில் (காற்றை உள்ளே விடும் தட்டு) எந்த அளவுக்கு மூடும் என்பதை வரையறுக்கும் ஸ்டாப் ஸ்குரூவைத் திருகி ஆர்பிஎம் முள்ளை இறக்கிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. கார்புரேட்டர் காலத்தில் அந்த ஸ்குரூ மெக்கானிக்கின் பொறுப்பில் இருந்தது. இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அது தொழிற்சாலையிலேயே அளந்து வைக்கப்பட்டது. அதை அசைத்தால் தட்டு துளையில் சிக்கிக்கொள்ளலாம்; த்ராட்டில் முழுவதும் மூடியிருக்கிறதா என்பதை ஈசியூ என்ற இன்ஜின் கணினி சரியாக அறிய முடியாமலும் போகலாம். அந்தப் பழக்கத்தை விட்டுவிடும்படி வேண்டவே இம்மடல்.

பெட்ரோல் இன்ஜினின் வேகம் உள்ளே போகும் காற்றைப் பொறுத்தது. ஆகவே ஐட்லிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறியிருக்கிறது என்றால், எங்கிருந்தோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது, அல்லது ஈசியூவே கூடுதல் காற்றைக் கேட்டு வாங்குகிறது. இவ்விரண்டில் எது என்று முதலில் பிரித்தறிய வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 1,200க்கு மேல் நின்று, பிறகு தானே இறங்கினால் அது பழுதே அல்ல. சூடான பிறகு பெரும்பாலான கார்கள் 650 முதல் 850க்குள் நிற்கும். ஏசி போட்டால் சற்று ஏறும்.

சர்வீஸ் முடிந்து வெளியே வந்த அன்றே ரேஸாக நிற்கும் வண்டிகளை நீங்கள் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். த்ராட்டில் தட்டு பொருந்தியிருக்கும் த்ராட்டில் பாடியில் கரி படியப் படிய, குறையும் காற்றை ஈடுகட்ட ஈசியூ தட்டையோ ஐட்லிங் வால்வையோ சிறிது சிறிதாக அதிகம் திறக்கப் பழகிவிடுகிறது. கரியைத் துடைத்த பின்னும் அது பழைய அளவுக்கே திறப்பதால் காற்று மிகுந்துவிடுகிறது. ஈசியூவுடன் இணைத்துப் பார்க்கும் ஸ்கேனர் மூலம் ஐட்லிங் அளவைப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய இந்த இடத்தில் புதிய த்ராட்டில் பாடி விற்கப்படுவது வாடிக்கையாளருக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

கசிவைத் தேடும்போது பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை மீண்டும் உறிஞ்சும் பிசிவி ஹோஸ், பெட்ரோல் ஆவியை உள்ளே விடும் பர்ஜ் வால்வுக்குப் போகும் குழாய் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒரு நொடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். எதைப் பிடிக்கும்போது முள் சட்டென்று இறங்குகிறதோ அந்தப் பாதையில்தான் காற்று நுழைகிறது. சூடான சைலன்சர் குழாய்க்கு அருகில் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்துத் தேடுவது தீ விபத்தை வரவழைக்கும்; புகை செலுத்திப் பார்க்கும் கருவி பாதுகாப்பானது. ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம் (பெட்ரோல் அளவில் ஈசியூ செய்யும் திருத்தம்) சரியாக இருப்பதால் கசிவு இல்லை என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். உள்ளே போகும் காற்றை மாஃப் சென்சார் நேரடியாக அளக்கும் வண்டியில் கசிவு கணக்கில் வராமல் ட்ரிம் ஏறும். உள்ளிழுக்கும் பாதையின் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் மேப் சென்சார் உள்ள வண்டியிலோ கசிந்த காற்றும் கணக்கில் சேர்ந்துவிடுவதால், ட்ரிம் பெரிதாக அசையாமல் ஆர்பிஎம் மட்டும் உயரக்கூடும். நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பல இந்த வகைதான்.

கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையையும் பாருங்கள்; இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாக ஈசியூ எண்ணினால் கூடுதல் காற்றைக் கேட்கும். அரை மணி நேரம் ஓடிய வண்டி ஸ்கேனரில் 45 டிகிரி காட்டினால், சென்சார் பொய் சொல்கிறது, அல்லது சூட்டுக்கேற்ப கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டது. இந்த வெயிலுக்குத் தேவையில்லை என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்த வண்டிகளும் உண்டு. நெடுஞ்சாலையில் அவை உரிய சூட்டை எட்டாமல் ஓடி, பெட்ரோலையும் வீணாக்குகின்றன.

இனி இத்தகைய வண்டி வரும்போது, வேலைக்கு முன்னும் பின்னும் இருந்த ஆர்பிஎம், கூலன்ட் வெப்பநிலை, ஃபியூயல் ட்ரிம் ஆகிய மூன்றையும் பில்லிலேயே எழுதித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்து அந்த வண்டியைத் திறக்கும் மெக்கானிக்குக்கும் அது உதவும்.

இப்படிக்கு,
பட்டறைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மேற்பார்வையாளர்