டான் ஸ்மித்தை வில்லன் ஆக்காதீர்கள்

வடகிழக்கு இங்கிலாந்தில் நாடக அரங்குகளை நடத்துபவர்களுக்கு,

வணக்கம். கட்டட வேலைகளுக்காகக் கவுன்சிலர்களுக்கு லஞ்சம் கொடுத்த ஜான் போல்சனின் ஊழலை மறுபடி மேடையேற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். 1982இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி போட்ட ஒரு நாடகத்தில் இந்த விவகாரம் வந்தது, ஆனால் ஆட்களுக்கு வேறு பெயர்கள். இப்போது அந்தத் தேவை இல்லை. போல்சனும், அதில் அவருக்குத் துணைநின்ற நியூகாசில் அரசியல்வாதி டான் ஸ்மித்தும் 1993இல் இறந்துவிட்டார்கள். இறந்தவர்களுக்காக அவதூறு வழக்குப் போட இங்கிலாந்துச் சட்டத்தில் இடமில்லை. எனவே உண்மைப் பெயர்களையே வையுங்கள்.

போல்சன் பான்டிஃப்ராக்ட் ஊர்க் கட்டடக் கலைஞர். கவுன்சிலர்களுக்கும் அதிகாரிகளுக்கும் பணமும் பரிசும் விடுமுறைப் பயணமும் கொடுத்தே ஐரோப்பாவின் மிகப்பெரிய கட்டடக்கலை நிறுவனங்களில் ஒன்றை வளர்த்தவர். ஆனால் நாடகத்தின் உயிர் அவரல்ல, ஸ்மித்தான். சுரங்கத் தொழிலாளியின் மகன். 1960 முதல் 1965 வரை நியூகாசில் நகரசபையின் தலைமை அவர் கையில் இருந்தது. புதிதாகத் திட்டமிட்டுக் கட்டிய பிரேசில் தலைநகரைப் போல, நகரை 'வடக்கின் பிரசிலியா' ஆக்க நினைத்தார். நூலகம் கட்டப் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் பேசில் ஸ்பென்ஸை அழைத்தார். ஸ்காட்ஸ்வுட் ரோடு பக்கம் கழிப்பறைகூட வீட்டுக்குள் இல்லாத வரிசை வீடுகளை இடித்துவிட்டுப் புது வீடுகள் கட்டச் சொன்னார். முதல் ஒரு மணி நேரம் பார்வையாளர்கள் முழுக்க அவர் பக்கம் நிற்க வேண்டும். 'இந்த மனிதர் சொல்வது சரிதானே' என்று அவர்கள் நினைத்தால்தான் பின்னால் வருவது வலிக்கும்.

பணம் வந்த வழியையும் பொறுமையாகக் காட்டுங்கள். இருட்டில் உறை கைமாறும் காட்சி வேண்டாம். ஸ்மித் விளம்பர ஆலோசனை நிறுவனங்கள் வைத்திருந்தார். பல ஊர்க் கவுன்சிலர்கள் அவற்றில் 'ஆலோசகர்கள்'. அவர்கள் தங்கள் ஊர்க் கமிட்டியில் உட்கார்ந்து போல்சனுக்குக் கையைத் தூக்கினார்கள். எல்லாம் ரசீதோடு நடந்தது. ஏழு ஆண்டுகளில் போல்சனிடமிருந்து ஸ்மித்துக்கு வந்தது சுமார் 1,56,000 பவுண்டு. அரசு ஒப்பந்தங்கள் கொடுக்கும் இடங்களில் இன்றும் பழக்கமான ஏற்பாடு இது. அதனால்தான் நாடகத்தில் இந்தப் பகுதிக்கு அதிக நேரம் கேட்கிறேன்.

வேக்ஃபீல்டில் 1972இல் நடந்த போல்சனின் திவால் விசாரணை அப்படியே மேடைக்கு ஏற்றது. குட்டை உடைத்தது காவல்துறை அல்ல, போல்சனுக்குக் கடன் கொடுத்தவர்களின் வழக்கறிஞர் மியூர் ஹன்டர். போல்சன் எல்லாக் கடிதங்களையும் ஒழுங்காக ஃபைல் போட்டு வைத்திருந்தார். அந்தக் கட்டுகளிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்துக் கேட்டார் ஹன்டர். ஒரு மேசை, ஃபைல்கள், இரண்டு நடிகர்கள் போதும், இசைகூட வேண்டாம். அந்த ஜூலையிலேயே உள்துறை அமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் பதவி விலகினார். போல்சனோடு அவருக்கும் தொடர்பு இருந்தது, விசாரிக்கப்போகும் லண்டன் காவல்துறையோ அவர் பொறுப்பில் இருந்தது. அவர் கன்சர்வேட்டிவ், ஸ்மித் லேபர். ஒரு கட்சியை விட்டுவிட்டு இன்னொன்றை மட்டும் அடித்தால் நாடகம் பொய்யாகிவிடும்.

ரோனன் பாயிண்டை இதில் கலக்காதீர்கள். 1968இல் கிழக்கு லண்டனில் அந்த அடுக்குமாடியின் ஒரு மூலை சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். அது வேறு கதை, போல்சன் கட்டியதல்ல. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஆசை வரும், ஆனால் அப்போது நீங்கள் சொல்வதில் மற்றதையும் யாரும் நம்ப மாட்டார்கள். உயரமாகக் கட்டினால் கூடுதல் மானியம் என்ற 1956ஆம் ஆண்டுச் சட்டத்தை மட்டும் ஒரு காட்சியில் சொல்லுங்கள். கவுன்சில்கள் ஏன் அடுக்குமாடிகளுக்கு ஆசைப்பட்டன என்பது அதில் புரியும்.

1974இல் ஸ்மித்துக்கு ஆறு ஆண்டுச் சிறை. விடுதலையான பிறகு, கடைசிக் காலத்தில், நியூகாசிலிலேயே நகரசபை வாடகைக்கு விடும் ஒரு அடுக்குமாடியில் வாழ்ந்தார். இதைக் கடைசிக் காட்சியாக வைக்க எல்லாருக்கும் கை அரிக்கும். வைக்காதீர்கள். அவர்மேல் வரும் இரக்கத்தில், அந்த வீடுகளில் குடியேறியவர்களை மறந்துவிடுவோம். அவர்கள் தொடக்கத்திலிருந்தே மேடையில் இருக்கட்டும். இடிக்கப்பட்ட தெருக்களில் பிறந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், போய்க் கேட்டு எழுதுங்கள்.

அப்புறம், நியூகாசிலோடு நிறுத்திவிடாமல் வேக்ஃபீல்டுக்கும் பான்டிஃப்ராக்டுக்கும் கொண்டுபோங்கள். அந்தந்த ஊர்க் கவுன்சிலர்களுக்கு முன்வரிசையில் இடம் போட்டு அழைப்பு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஒரு நாடக ரசிகன்